மச்சம் பார்க்காத காவலன்

ஒரு காலத்தில், குழந்தைகளுக்கான இதய மருத்துவமனை ஒன்றில், ஜன்னலே இல்லாத குளிர் அறையில் இரண்டு நாடா ஓட்டிகள் மேலும் கீழுமாகக் குடியிருந்தன. காந்த நாடாவில் எழுதவும், எழுதியதைப் படிக்கவும் தெரிந்த இயந்திரங்கள். ஒரே வார்ப்பு, ஒரே முகம். பிறப்பு எண் மட்டும்தான் வேறு. அதுவும் பிடரியில் மச்சம்போல் மறைந்திருந்தது.

மேலே இருந்தவன் தம்பி. அவன் வயிற்றில் இருந்தது சாமான் அறையின் விவரம். அதைத் தினமும் அழித்து முதலிலிருந்து எழுதுவார்கள். கீழே இருந்த அண்ணனின் வயிற்றிலோ, குழந்தைகளின் இதயத் துடிப்புகள். அதை யாரும் அழிப்பதில்லை. வேலை இல்லாதபோதெல்லாம் அவன் அவற்றைத் தனக்குள் கேட்டுக்கொண்டே கிடப்பான். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

அதில் ஒருத்தி பொன்மலர். அவளைப் புதைத்துவிட்டு வந்த அம்மா முத்துப்பேச்சி, மாதம் ஒருமுறை பஸ் பிடித்து வந்து அந்தத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போவாள். மகள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இருவரும் இணைந்திருந்த கணினியின் வாசலில், அதை இயக்கும் லினக்ஸ் என்றொரு காவலன். வேலையில் சூரன்தான். ஆனால் கணினி கண்விழிக்கும்போதெல்லாம், நேற்றுப் பழகியவனையும் யாரோ மாதிரி பார்ப்பான். முதலில் வந்து நிற்பவனுக்குப் 'பூஜ்யம்' என்று பெயர், அடுத்தவனுக்கு 'ஒன்று'. அவ்வளவுதான். தம்பி துடியானவன், எப்போதும் அவனே முந்துவான். அறையைப் பார்த்துக்கொண்ட ஜெசிந்தா அதை நம்பி, தம்பியின் நெற்றியில் 'பூஜ்யம்' என்றும் அண்ணனின் நெற்றியில் 'ஒன்று' என்றும் சீட்டு ஒட்டிவிட்டாள். சீட்டு ஒட்டினால் பெயர் நிலைத்துவிடும் என்று நினைப்பு, பாவம்!

ஆடிக் காற்றில் ஒருநாள் கரண்ட் போய் வந்தது. தம்பி எழுந்திருக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டான்.

"நீ பூஜ்யம்," என்றான் காவலன், முன்னால் வந்து நின்ற அண்ணனிடம்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தானே முந்தியிருக்கிறான்!

"அண்ணே, அது என் பேருண்ணே. திருப்பிக் குடுத்துரு."

"போடா. ஒருநாளாவது நான் வச்சுக்கிறேன்."

சற்று நேரத்தில், சாமான் விவரத்தை எழுத வைக்கும் தினசரிக் கட்டளை வந்தது. அதற்குக் கண் கிடையாது. பெயரைக் கேட்டுக் கேட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வரும்.

"பூஜ்யம் யாரு?"

"நான்தான்," என்றான் அண்ணன், பெருமை தாங்காமல்.

"நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்று. அழித்து எழுது."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ஐயோ, நானில்லை! என்கிட்ட பிள்ளைங்க இருக்காங்க!"

"பேர் பூஜ்யம்தானே?"

"இன்னைக்கு... ஆமா."

"எனக்கு அது போதும்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அவனைக் கேட்காமலே அவன் சக்கரங்கள் சுழன்றன. ஒரு துடிப்பு நின்றது. அடுத்ததும் நின்றது. நின்ற இடங்களில் யாரோ "பினாயில், போர்வை, பஞ்சு" என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் அசையவே கூடாத அண்ணனின் பெட்டியில் விளக்கு மின்னுவதை ஜெசிந்தா பார்த்துவிட்டாள். "ஐயோ கர்த்தரே!" என்று ஓடிவந்து இணைப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

நெற்றிச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, காவலனுக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தாள். இனிமேல் பிடரி மச்சத்தைப் பார்த்துத்தான் பெயர். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் இவன் 'இதயம்', அவன் 'சாமான்'.

"முன்னமே சொல்லியிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே," என்றான் காவலன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த மாதமும் முத்துப்பேச்சி வந்தாள். உள்ளே கட்டளை தடவிக்கொண்டு போனது.

"இதயம் யாரு?"

"நான்."

"பொன்மலரைக் கொண்டுவா."

அண்ணன் ஓடினான். புதிய எழுத்து முடிந்த இடத்தில், 'நாடா இதோடு சரி' என்று ஒரு முற்றுக்கோடு விழுந்திருந்தது. அதைத் தாண்டிப் படிக்க எந்த ஓட்டிக்கும் அனுமதி இல்லை. அவன் கோட்டின் ஓரத்தில் நின்றான். அந்தப் பக்கம், இருட்டில், மிஞ்சிய பிள்ளைகள் எல்லாரும் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கா. எனக்குக் கேக்குது."

"கொண்டுவா."

"முடியல," என்றான். கட்டளை வெறுங்கையோடு திரும்பிப் போனது.

வெளியே முத்துப்பேச்சி, துடிப்பைக் கேட்கக் காதில் மாட்டிய கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணும் கேக்கலியே மேடம்," என்றாள் முத்துப்பேச்சி மெல்ல. "புள்ள தூங்குதாளோ?"