பனங்கட்டையோடு போட்டியிட்டவர்

நண்டெல்லாம் நேராக நடந்துகொண்டிருந்த காலத்தில், கொற்றங்குடியை விடங்கர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தாராம். நல்ல ராஜாதான். ராணி சொன்னால் தட்ட மாட்டார், அது ஒன்றுதான் குறை. அந்த ராணிக்கு ஒரு தம்பி. பேர் அதிவீரன். கடல் அலையைத் தூரத்தில் கண்டாலே கட்டில்மேல் ஏறிக்கொள்வார். மத்தியானம்வரை அந்தக் கட்டிலைவிட்டு இறங்கவும் மாட்டார்.

அவருக்குத் திடீரென்று ஒரு ஆசை வந்தது. நண்டுப்பட்டினம் என்கிற சின்ன மீனவர் ஊரில் அவருக்கு ஒரு மாளிகை இருந்தது. அந்த ஊர்ச்சபைக்குத் தலைவராக வேண்டுமாம். ஏன் என்றால், விடியற்காலையில் படகு தள்ளுகிறவர்கள் போடும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதாம். தலைவரானதும் மத்தியானத்துக்கு முன்னால் ஒருத்தரையும் கடலில் இறங்க விடப்போவதில்லையாம். "தலைவர் தடுத்தால் படகு போகக் கூடாது" என்று முன்கூட்டியே ஓர் உத்தரவு எழுதி, ராஜாவிடம் முத்திரையும் வாங்கிவிட்டார். மத்தியானம் போனால் கடலில் வெயில்தான் இருக்கும், மீனா இருக்கும்? ஊரே கலங்கிப்போனது.

அந்த ஊர்த் தேர்தல் ஒரு தினுசு. போட்டியிடுகிறவர்கள் கடற்கரையில் ஆளுக்கொரு முளை நடுவார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவர் முளையில் வீட்டுக்கு வீடு தங்கள் படகைக் கட்டுவார்கள். பொழுது சாயும்போது எதில் கயிறு அதிகமோ, அந்த முளைக்காரர் தலைவர். ஒரே முளை நின்றால் தேர்தல் செல்லாது. ஆனால் ராணியின் தம்பியை எதிர்த்து முளை நட யார் வருவார்?

ராஜா தன் சபையில் இருந்த மாசாத்தனைக் கூப்பிட்டார். மாசாத்தன் வாய்க்குப் பயப்படாதவர்கள் அரண்மனையில் இல்லை.

"ஓர் எதிராளியைக் கொண்டு வா. அவன் வாய் திறக்கக் கூடாது. யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. என் மச்சானுக்கு எதிராக ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. அவனால் மச்சானுக்கு ஒரு கெடுதல் வந்தது என்றால், நீ தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம்."

"அப்படி ஒருத்தர் இருக்கார் மகாராஜா. தேர்தல் நாளை மட்டும் நான் குறிக்கிறேன்" என்றார் மாசாத்தன். ராஜாவும் சரி என்றார்.

மாசாத்தன் நேரே நண்டுப்பட்டினம் போய், மீன்காரி வலம்புரியைப் பார்த்தார். ஊருக்காக முதலில் பேசுகிறவள் அவள்தான். பிள்ளைகுட்டி பட்டினி கிடக்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்க சாமி என்றாள். அவரோ, கடல் எப்போது பொங்கும் என்று கேட்டார். பௌர்ணமி சாயந்தரம் என்றாள். அதே நாளைத் தேர்தலுக்குக் குறித்தார். பிறகு கரையில் பாட்டன் காலத்திலிருந்து நின்ற கறுத்த பனங்கட்டைக்கு ஒரு மாலை போட்டார். மண்ணுக்குள் அது எவ்வளவு ஆழம் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இவர்தான் எதிர்த்து நிற்கிறார் என்று அறிவித்துவிட்டார்.

சொன்ன மாதிரியே வாய் இல்லை, கை இல்லை, கால் இல்லை. ராஜாவுக்குத் திருப்தி. அதிவீரனுக்கு அதைவிடத் திருப்தி. பட்டுச் சுற்றிய சந்தன முளை ஒன்றை நட்டார். மெருகு போய்விடும் என்று ஆழமாக அடிக்க விடவில்லை.

பிரசாரம் தொடங்கியது. முள் இல்லாத மீன் வரவழைப்பேன் என்றார். படகுக்குப் படகு குடை என்றார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, இதற்கு என்ன பதில் என்று கட்டையைப் பார்ப்பார். கடைசியில் கண் சிவக்க ராஜாவிடமே வந்து நின்றார்.

"நான் இவ்வளவு பேசறேன் மாமா. ஒரு வார்த்தை மதிச்சுப் பதில் சொல்லல அவன்."

"மச்சான், அது கட்டை."

"கட்டைன்னா மரியாதை இருக்கக் கூடாதா?"

தேர்தல் நாள் வந்தது. ராஜா கரையில் வந்து உட்கார்ந்தார். கடலோர ஜனங்களுக்குப் பிடிக்கட்டும் என்று ராணி சொன்னதால், அதிவீரன் அன்னப்படகில் கண்ணை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சாயந்தரம் கடல் பொங்கியது. ஊர்ப் படகெல்லாம் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்தன. அத்தனை கயிறும் பனங்கட்டைக்கே போயிற்று.

வலம்புரி ராஜாவைக் கும்பிட்டாள். "எங்களுக்கு உங்க மச்சானைத்தான் பிடிக்கும் மகாராஜா. ஆனா படகு போயிட்டா அவரை வச்சு மீன் பிடிக்க முடியாதே."

அவள் சொல்லி முடிக்கவில்லை, ஓர் அலை வந்து சந்தன முளையைப் பட்டோடு வாரிக்கொண்டு போனது. அடுத்த அலையில் அன்னப்படகு ஆடியது. அதிவீரன் படகுக் கயிற்றோடு இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். ஓடினார். பனங்கட்டையில் சுற்றினார், முடிந்தார், கயிறு தீரும்வரை முடிந்தார். பிறகு கட்டையையே கட்டிக்கொண்டார்.

ராஜாவின் முகம் கறுத்தது. "என் மச்சானுக்கு ஒரு கயிறுகூடவா இல்லை?"

"அவர் கயிறு எங்கே இருக்கு பாருங்க மகாராஜா" என்றார் மாசாத்தன்.

"தலைப்பாகையைக் கழற்று."

"கட்டை பேசவில்லை, கொடுக்கவில்லை, அடி எடுத்து வைக்கவில்லை. கெடுதலும் செய்யவில்லை. உங்க மச்சானை உயிரோடு பிடிச்சு வச்சிருக்கு."

ராஜாவின் மீசை துடித்தது. "சரி. தலைவர் தடுத்தால் படகு போகக் கூடாது என்று முத்திரை போட்டிருக்கிறேனே, அது?"

"முத்திரை முத்திரைதான் மகாராஜா. நாளை விடியற்காலையில் தலைவர் தடுக்கட்டும், பார்ப்போம்."

கிரீடம் சரியச் சரிய ராஜா சிரித்தார். கழுத்து முத்துமாலையை மாசாத்தனுக்குப் போட்டார். அவர் போனார், மாசாத்தன் போனார், வலம்புரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதிவீரன் மட்டும் நின்றார். அன்னப்படகுக்கு அவர் போட்ட முடிச்சு யாருக்கும் அவிழவில்லை. கட்டைக்கு அருகே குனிந்து, "அண்ணே, படகைக் கொஞ்சம் விடுங்களேன்" என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஈரச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோடு வீட்டுக்கு நடந்தார். கடலுக்கு முதுகு காட்டப் பயம். அதனால் அலையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்தார்.

வளைக்குள்ளிருந்து நண்டுகள் எட்டிப் பார்த்தன. பெரிய மனுஷர் நடக்கிற நடை இதுதான் போல என்று நினைத்துக்கொண்டன.