ஊதாக் கிழங்குப் பந்தி

பந்தியில் பசிக்கிறதா என்று மட்டும் கேள் என்றோ, அதைக்கூடக் கேட்காதே என்றோ மாதேவி அம்மாவின் குரு சொல்வாராம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சரியான சொல் எது என்று அம்மாவுக்கே நிச்சயமில்லை. எப்படிச் சொன்னாலும் தப்பில்லை என்பார்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது அம்மாவின் ஆசிரமம். வியாழக்கிழமை மதியம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். அவர்களில் பலர் வாரத்தில் வயிறாரச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான்.

தோட்டமும் சமையலும் தாண்டவராயன் பொறுப்பு. அம்மாவைவிட வயதில் மூத்த சீடர். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த வருடமே, மரவள்ளியை எடுத்துவிட்டு ஊதாச் சர்க்கரைவள்ளி போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

“தோலும் ஊதா, உள்ளேயும் ஊதா. அந்த நிறத்துலதாம்மா சத்தே இருக்கு.”

“போடுங்க ஐயா,” என்றார் அம்மா.

நன்றாகவே விளைவித்தார். கொடி படர்ந்த இடத்திலெல்லாம் வேர்விட்டுக் கிழங்கு சிறுத்துவிடாமல் தூக்கித் தூக்கித் திருப்பிவிட்டார். தோண்டிய கிழங்கை நிழலில் பரப்பி, இனிப்பு ஏறும்வரை பொறுத்தார். தண்ணீரில் போட்டால் சாயம் இறங்கிவிடும் என்று தோலோடு ஆவியில் வேகவைத்தார். கிழங்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பந்தி உட்கார்ந்ததும் நடுவில் நின்றுகொள்வார்.

“யாரும் இலையில கை வைக்காதீங்க. முதல்ல கேளுங்க. இது கண்ணுக்கு. இது குடலுக்கு. இதுல நார்ச்சத்து எக்கச்சக்கம்.”

கைக்கெட்டிய ஒரு பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பந்திக்குக் காட்டுவார்.

“பாத்தீங்களா? வெளுத்துக் கிடக்கு. உடம்புல ரத்தமே இல்லை. இதுக்குத்தான் சொல்றேன்.”

ஒரு நாள் கடைசி இலையிலிருந்து, சூளையில் வேலை செய்யும் சின்னையன் கேட்டான். “சாமி, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா?”

சூளைக்காரர்கள் குனிந்து சிரித்தார்கள்.

“எப்ப வேணா சாப்பிடலாம்ப்பா,” என்றார் தாண்டவராயன். நல்ல கேள்வி என்று மகிழ்ந்தார்.

கூட்டம் குறைந்தது. முதலில் சிலர் வரவில்லை. பிறகு பாதிப் பந்தி காலியாகக் கிடந்தது. கடைசியில் சூளையிலிருந்து ஒருவரும் வராத வியாழக்கிழமையும் வந்தது. அவித்த கிழங்கு குண்டானோடு ஆறியது.

தாண்டவராயன் வெயிலில் நடந்து சூளைக்குப் போனார். பிள்ளைகளோடு பந்திக்கு வந்துகொண்டிருந்த பூங்காவனம் அங்கே மண் மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாத்தனார் அச்சில் கல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஒருத்தரும் சாப்பிட வரலை?”

“வேலை சாமி.”

“போன மாசம் வேலை இல்லையா? சரி, பிள்ளைங்க என்ன சாப்பிட்டுச்சு?”

“டீயும் பன்னும்.”

“பன்னா! பன்னுல என்ன இருக்கு? அந்தக் கிழங்குல என்னென்ன இருக்குன்னு அவ்வளவு சொன்னேனே!”

“சொன்னீங்க சாமி,” என்றாள் பூங்காவனம்.

“ரொம்பச் சொன்னீங்க,” என்றாள் நாத்தனார், நிமிராமல்.

திரும்பி வந்தவர் நேராக அம்மாவிடம் போனார். ஆசிரமத்துக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் இருவருக்கு அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். நல்லதைக் கையில கொடுத்தாலும் மனுஷங்க ஏன் அதை விட்டு ஓடறாங்க?”

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லைம்மா. உசிரு போற பசி. ஆனா கேள்விக்கு—”

“உட்காருங்க ஐயா.”

அம்மா இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். குண்டானிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்து இலையில் வைத்தார். தாண்டவராயன் ஒரு துண்டு பிட்டு வாயருகே கொண்டுபோனார்.

“இருங்க, கை வைக்காதீங்க,” என்றார் அம்மா. “உங்களுக்குக் கண்ணு மங்கல்தானே? இது கண்ணுக்கு நல்லது.”

“ஆமாம்மா,” என்று சிரித்துவிட்டு மறுபடி கையைத் தூக்கினார்.

“இன்னும் முடியலை. மலச்சிக்கல் வேற உங்களுக்கு. காலையில எவ்வளவு நேரம் கஷ்டப்படறீங்க! இதுல நார்ச்சத்து எக்கச்சக்கம்.”

யாத்ரீகர்களில் ஒருவருக்கு மோர் புரையேறியது. தாண்டவராயனின் காது சிவந்தது.

“அம்மா, வெளியாளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டுமே. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.” அம்மா எட்டி அவருடைய கீழ் இமையை விரலால் இழுத்து யாத்ரீகர்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். “பாத்தீங்களா? வெளுத்துக் கிடக்கு. உடம்புல ரத்தமே இல்லை.”

தாண்டவராயன் அம்மாவின் கையைத் தட்டிவிட்டார். துண்டை இலையில் போட்டார்.

“விடுங்கம்மா! நான் என்ன சீக்காளியா? இந்தச் சோறு எனக்கு வேண்டாம்.”

எழுந்துவிட்டார். வாசல்வரை போனார்.

“பசின்னீங்களே,” என்றார் அம்மா.

“பசிச்சுத்தான் வந்து உட்கார்ந்தேன்.”

“அவங்களும்தான் ஐயா.”

தாண்டவராயன் நின்றார். யாத்ரீகர்கள் மோர்க் குவளையைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்தார்கள். அவர் திரும்பி வந்து அதே இலைமுன் உட்கார்ந்தார். அம்மா இலையில் இன்னொரு கிழங்கை வைத்தார், கொஞ்சம் வெல்லமும் வைத்தார். அவர் சாப்பிட்டார்.

விடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டோடு சூளைக்குப் போய், ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று, கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைப்பது என்று தாண்டவராயன் முடிவு செய்தார்.