மணலில் பதியாத பாதம்

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை இரண்டு ராஜ்யங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்த சீமையில், திருமுடிவர்மர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். கோடை தொடங்குமுன் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடக்கும். நாட்டுக்கு ஒரு வீரன். நீர் நிறைந்த குடத்தைத் தோளில் ஏந்தி ஏரியைச் சுற்றி ஓட வேண்டும். வழியில் தாழக் கட்டிய கம்புகளுக்கு அடியில் நுழைய வேண்டும், ஒற்றைப் பனைமரப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஜெயித்த நாட்டின் மதகுதான் முதலில் திறக்கும். அடுத்தடுத்துத் தோற்றதில் திருமுடிவர்மரின் நாட்டு வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

மன்னருக்கு அதில் கவலை இருந்தது, பொறுமைதான் இல்லை. "நம் நாட்டில் உடல்திறன் மிக்கவன் எவன் என்று ஒரே சோதனையில் எமக்குத் தெரிந்தாக வேண்டும். நாளெல்லாம் வெயிலில் உட்கார்ந்து பார்க்க எம்மால் ஆகாது" என்றார்.

தளபதி வீரகேது உடனே எழுந்தார். "கொலுமண்டப வாசலில் இருக்கும் வீரக்கல்லைத் தூக்குபவன் எவனோ, அவனே தகுதியானவன், மன்னா."

கல்லை மணல் முற்றத்துக்கு உருட்டி வந்தார்கள். மல்லர்கள் ஒவ்வொருவராக மல்லுக்கட்டி, முகம் சிவந்து, விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு தளபதி, கல்லுக்குப் பூஜை செய்ய வேண்டும் என்று சுற்றிலும் திரை கட்டச் சொன்னார். உள்ளே மணி அடித்தது. சாம்பிராணிப் புகை எழுந்தது. திரை விலகியதும் தளபதியின் சகோதரி மகன் வஜ்ரபாகு வந்தான். கல்லை ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்கினான். முற்றமே ஆர்ப்பரித்தது.

அரசவை விகடன் மயிலேறி மட்டும் கைதட்டவில்லை. எல்லாரும் கல்லைப் பார்த்தபோது அவன் வஜ்ரபாகுவின் காலைப் பார்த்திருந்தான். தூக்க முடியாமல் தோற்றவர்களின் பாதங்கள்கூட மணலில் கணுக்கால்வரை புதைந்திருந்தன. தூக்கி ஜெயித்தவனின் பாதம் பதியவே இல்லை.

மயிலேறி யோசித்தான். வாயைத் திறந்தால் தளபதியின் பகை. திறக்காவிட்டால் இந்த ஆண்டும் வயல் காயும்.

"மன்னா," என்று மெல்ல ஆரம்பித்தான், "கல் தூக்குவது வலு. சரிதான். ஆனால் ஓடுவதற்கு வேகம் வேண்டும், ஏரியைச் சுற்றி முடிக்கத் தாக்குப்பிடிக்கும் தெம்பு வேண்டும், கம்புக்கு அடியில் நுழைய உடம்பு வளைய வேண்டும், பாலத்தில் தள்ளாடாத நிதானம் வேண்டும். இத்தனையையும் ஒரு கல்லிடமா கேட்பது?"

ஆஸ்தான பண்டிதருக்கு மயிலேறியைக் கண்டாலே ஆகாது. மாட்டிவிட இதுதான் சமயம் என்று எழுந்தார். "இவ்வளவு பேசுகிறானே, பிரபு! இந்தக் கல்லை விஞ்சும் உடல்திறனைத் தராசில் நிறுத்துக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்!"

மயிலேறி சட்டென்று தளபதியின் முகத்தைப் பார்த்தான். பண்டிதர் தமக்காகப் பரிந்து பேசியதற்கு மகிழ வேண்டிய மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

"புனிதமான கல்லைத் தராசில் ஏற்றுவதா? அபசாரம், மன்னா! சாந்தி செய்துவிட்டு நாளை..." என்று இழுத்தார் தளபதி.

"நாளை எதற்கு, தளபதியாரே? நெல் களஞ்சியத்துத் தராசு இதோ பக்கத்தில்தானே இருக்கிறது! அது வரும்வரை கல்லுக்கு நானே காவல்" என்று சொல்லி, மயிலேறி மேல்துண்டை விரித்துக் கல்லின் அருகிலேயே சம்மணமிட்டுவிட்டான்.

பல்லக்குத் தூக்கும் சாத்தையன் தராசைச் சுமந்து வந்தான். "கல்லையே தலைக்கு மேல் தூக்கியவர் தராசைப் பிடிக்கமாட்டாரா?" என்று மயிலேறி அதை வஜ்ரபாகுவின் கையில் கொடுத்தான். மறுக்க வழியில்லாமல் அவன் கையை நீட்டிப் பிடித்தான். ஒரு தட்டில் கல்லை ஏற்றிய காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயிலேறி மடைப்பள்ளியிலிருந்து ஒரு கூடை பொரி வரவழைத்து மறு தட்டில் வைத்தான்.

பொரி கீழே இறங்கியது. கல் மேலே போயிற்று.

"தராசை எவனும் இறக்கக் கூடாது!" என்று முழங்கியபடி மன்னர் படியிறங்கி வந்தார். நகத்தால் கல்லைச் சுரண்டினார். சாயம் உரிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று நெட்டி தெரிந்தது. மாலையும் பொம்மையும் செய்கிற அதே லேசான நெட்டித் தண்டு!

"அசல் கல் எங்கே?"

காவலர்கள் தேடினார்கள். கடைசியில், பூஜைக்காகத் திரைக்குள் கொண்டுபோன பெரிய பெட்டிக்குள், சாம்பிராணித் தட்டுகளுக்கு அடியில் அசல் கல் அகப்பட்டது. விசாரணை நீண்டது. இதற்குள் வஜ்ரபாகுவின் நீட்டிய கை நடுங்கத் தொடங்கி, தராசு கிடுகிடுவென்று ஆடியது. விழப்போன சமயத்தில் சாத்தையன் ஓடிவந்து வாங்கிப் பிடித்தான். விசாரணை முடிகிறவரை அவன் கை அசையவில்லை.

மன்னர் திரும்பினார். "மோசடியைப் பிடித்தாய், மயிலேறி. ஆனால் உடல்திறனை நிறுத்துக் காட்டவில்லையே!"

"தராசில்தான் காட்டுகிறேன், மன்னா. தட்டில் தேடாதீர்கள், பிடித்திருக்கும் கையைப் பாருங்கள்."

மன்னர் சாத்தையனை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குக் கை வலிக்கவில்லையா?"

"வலிக்குதுங்க சாமி. பல்லக்குல உங்களச் சொமக்கறப்ப வலிக்கறத விடக் கம்மிதான்."

மன்னர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். தளபதியின் வாள் பறிக்கப்பட்டது. பந்தயத்துக்குச் சாத்தையன் நியமிக்கப்பட்டான். பழக்கும் பொறுப்பு மயிலேறிக்கு.

அதன்பின் மன்னருக்கு எல்லார்மீதும் சந்தேகம். முதல் வாரம் மயிலேறி சாத்தையனைச் சிறு தூரமே ஓடவிட்டதைக் கேள்விப்பட்டு, "சோம்பேறித்தனமா?" என்றார். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடுவில் ஒருநாள் ஓய்வு கொடுத்தபோது, "பக்கத்து நாட்டான் உன்னை விலைபேசிவிட்டானா?" என்று கேட்டார்.

"உடம்பு உழைக்கிறபோது தேய்கிறது, மன்னா, ஓய்வில்தான் வளர்கிறது" என்றான் மயிலேறி.

சாத்தையனுக்குத் தாக்குப்பிடிக்கும் தெம்பு இருந்தது; ஆனால் முதுகு மரக்கட்டை. குனிந்து நுழையும்போதெல்லாம் குடம் கம்பில் மோதும். மயிலேறி அவனைத் தினமும் வளைந்து நிமிரப் பழக்கினான். துணைக்கு வஜ்ரபாகுவையே அழைத்தான். மாமன் சொல்லைத் தட்ட முடியாமல் கெட்டவன் அவன். வெட்கத்தோடு வந்தாலும் குறுகிய தூர ஓட்டத்தில் சாத்தையனை விரட்டி விரட்டி வேகம் ஏற்றினான்.

பந்தய நாளில் எதிரி வீரன் பாதித் தூரம் வரை முன்னால் பறந்தான். பனைப்பாலத்தில் அவன் கால்கள் தள்ளாடின. குடம் தண்ணீரில் விழுந்தது. சாத்தையன் அதே சீரான நடையோட்டத்தில் பாலத்தைக் கடந்து, ஒரு துளி சிந்தாமல் வந்து சேர்ந்தான். மதகு திறந்த சத்தம் கேட்டதும் கரையில் நின்ற உழவர்கள் அழுதேவிட்டார்கள்.

மறுநாள் அவையில் சாத்தையனுக்கு நஞ்சை நிலம் வழங்கப்பட்டது. மயிலேறிக்குப் பொக்கிஷக்காரர் தாம்பாளத்தில் ஒரு பொற்கடகம் நீட்டினார். மயிலேறி அதை வாங்கி, தூணில் லேசாக உரசினான்.

"எம்முடைய பரிசையுமா சந்தேகிக்கிறாய்?" என்றார் மன்னர்.

"பழகிப்போய்விட்டது, மன்னா" என்று உரசிய இடத்தைக் காட்டினான். பொன் முலாமுக்கு அடியில் செம்பு சிவப்பாக இளித்தது.

மன்னர் பொக்கிஷக்காரர் பக்கம் திரும்பினார். அங்கே தாம்பாளம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. மனிதர் கொலுமண்டபத்தைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, கோட்டை வாசலை நோக்கி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். காவலர்கள் பின்னால் ஓடினார்கள்.

மயிலேறி சாளரம் வழியே எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். "வேகம் பிரமாதம், மன்னா. எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்."

மன்னர் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்காமலே தம் கையில் கிடந்த கடகத்தைக் கழற்றி மயிலேறியின் கையில் மாட்டினார். "இதையும் உரசிப் பார்த்துக்கொள்!" என்றார்.

உரசிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனான்.