மணிக்கட்டில் எழும் விரல்கள்

"என்னை விட்டுறச் சொல்லுங்க, தாயே" என்றார் வைரவன்.

"யாரை?"

"என் சம்சாரத்தை. சிந்தாமணியை."

சிந்தாமணி போன ஆடியில் ஆற்றோடு போனவள். பரிசல் கவிழ்ந்தபோது கணவரின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அக்கரைக் கோயிலில் அந்திப் பூசைக்கான சாயரட்சை மணி அடித்துக்கொண்டிருந்தது. பிடி நழுவியது. உடல் கிடைக்கவில்லை.

வைரவன் மலை மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே அந்தி மணி அடித்தால் போதும், அவர் மணிக்கட்டில் நான்கு விரல் தடங்கள் சிவந்து தடித்தன. அரிப்பு உயிரை வாங்கியது. மற்ற சீடர்கள் அவர் பக்கத்தில் படுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் 'தாயே' என்றழைத்த மடத்துக் குரு, காவி கட்டும் முன் தோல் மருத்துவராக இருந்த பெண். வைரவனைவிட வயதில் இளையவர்.

"அந்திக்கு மட்டும்தான் வர்றாங்களா?"

"வேற நேரத்துல வந்ததே இல்ல."

மறுநாள் உச்சிவேளை. குரு அவரைத் தானிய அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஒரே ஒரு விளக்கு.

வெளியே மணி அடித்தது.

இருவரும் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

முதலில் சிவப்பு. பிறகு ஒரு விரல். பிறகு மற்ற மூன்றும். யாரும் தொடவில்லை.

"வந்துட்டா" என்று கிசுகிசுத்தார் வைரவன்.

குரு கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது.

"இப்போ அந்தி இல்லையே, ஐயா. மணியை அடிக்கச் சொன்னது நான்."

வைரவன் மணிக்கட்டை வெயிலில் நீட்டிப் பார்த்தார்.

"மணிச் சத்தம் கேட்டதும் உங்க நரம்பு பதறுது. அதோட நுனியிலேர்ந்து புரதத் துணுக்கு கொஞ்சம் கசியுது. தோலுக்கு அடியில மாஸ்ட் செல்னு காவல்காரங்க இருக்காங்க. அது பட்டதும் எதிரி வந்துட்ட மாதிரி, வச்சிருக்கிற ஹிஸ்டமின்ங்கிற அரிப்பு ரசாயனத்தையெல்லாம் கொட்டிடுவாங்க. அதான் தடிப்பு. அதான் அரிப்பு."

"எதிரி யாரு?"

"யாரும் வரல."

"அப்போ இந்த விரல்?"

"அவங்க இறுக்கிப் பிடிச்ச இடம். அந்த இடத்து நரம்பு இன்னும் மறக்கல."

குரு ஒரு மாத்திரையை நீட்டினார். "இதைப் போட்டா தடிக்காது. நிம்மதியாத் தூங்கலாம்."

"இத்தனை நாளும் அவ வரவே இல்லியா?"

"இல்ல."

தடிப்பு வடியத் தொடங்கியது. சுண்டுவிரல் முதலில் மறைந்தது. வைரவன் மாத்திரையை வாங்கவில்லை. மிச்ச விரல்களை வலது கையால் பொத்திக்கொண்டார்.

"தாயே, மணியை இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுங்க."