வள்ளியின் இடது கை

அநியாயம் நடந்தது பூவாத்தாளுக்கு. செய்தது ஒரு புத்தகம்.

பூவாத்தாள் நெடுவரப்பு ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். கீழத்தெருக்காரி. அவள் ஆக்கியதை மேலத்தெருப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று முதல் நாளே ஊர் சொல்லிவிட்டது. அப்புறம் அதே ஊர் ஒரு வழியும் கண்டுபிடித்தது. அரிசி களையலாம், காய் நறுக்கலாம், அடுப்பு ஊதலாம். கடைசியாகக் கிளறி இறக்குவது மட்டும் மேலத்தெருச் சின்னம்மணியின் கையாக இருக்க வேண்டும். கடைசிக் கரண்டி யாருடையதோ, சோறு அவர் ஆக்கியது. எந்த ஏட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னம்மணிக்கு வாதம் வந்து கை விழுந்துவிட்டது. வேலை போய்விடுமே என்று அழுதாள்.

"நீ சும்மா வந்து வாசல்ல உட்காருக்கா. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள் பூவாத்தாள்.

அன்றிலிருந்து சின்னம்மணி சமையற்கூட வாசலில் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கிளறி இறக்கியது பூவாத்தாளின் இடது கை. அவளுக்கு எல்லாமே இடது கைதான். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆண்டு விழாவில் பெரியவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாருக்கும் வயிறுகூட வலிக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவள் செம்மலர். சமூகவியல் ஆய்வு மாணவி. நாலு மாதம் அந்த ஊரில் தங்கி, பூவாத்தாளோடு வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டு, ஒருநாள் நேரில் பார்த்தும்விட்டாள்.

"எழுதிக்கோ தாயி. ஆனா நான்னு தெரியக் கூடாது."

"தெரியாதுக்கா. பேரை மாத்திடுவேன்."

மாற்றினாள். ஊர்ப் பேரையும் மாற்றினாள். புத்தகத்தில் பூவாத்தாள் வள்ளி ஆனாள். இடது கையை மட்டும் விட்டுவைத்தாள். அது இல்லாவிட்டால் எழுத்தில் உயிர் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

புத்தகம் வந்தது. கருத்தரங்கில் கைதட்டினார்கள். நாலு கல்லூரிகளில் படிக்கச் சொன்னார்கள். அதில் ஒரு கல்லூரியில் மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் சமையற்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பூவாத்தாள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. அவளுக்காகப் பேச சின்னம்மணியும் இல்லை. பூட்டுவதற்கு முந்தின வாரம்தான் செத்துப்போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கூட்டம். வள்ளி யாரென்று அங்கே தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் பூவாத்தாளுக்கு வேலையும் இல்லை, அந்த ஊரில் வாழ்வும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் செம்மலருக்கு போன் வந்தது.

"நான் இப்ப வலது கையால கரண்டி பிடிச்சுப் பழகறேன் தாயி" என்றாள் பூவாத்தாள், எடுத்த எடுப்பில். "சோறு திங்கவும் அந்தக் கைதான். வெளிய போனா இடது கையை முந்தானைக்குள்ள வச்சுக்கறேன். வலது கை சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது, நடுங்குது."

"அக்கா, போலீசுக்குப் போகலாம். சட்டம் இருக்கு. நான் கூட வர்றேன்."

"வருவ. வந்துட்டு ஊருக்குப் போயிருவ. நான் ஸ்டேஷன்லேர்ந்து எந்தத் தெருவுக்குத் திரும்பறது?"

செம்மலருக்கு வாதம் செய்யத் தெரியும். சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் பூவாத்தாள். "என் பேரை மாத்தின. ஊர்ப் பேரை மாத்தின. உன் பேரை ஏன் மாத்தல?"

போன் துண்டிக்கப்பட்டது.

செம்மலர் நேரே எஸ்தர் ராஜாத்தியின் அறைக்குப் போனாள். அவளுடைய நெறியாளர். குள்ளமான பெண்மணி. முப்பது வருஷமாக அதே மர நாற்காலி. புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியவரும் அவர்தான்.

செம்மலர் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே குரல் ஏறியது.

"நான் என்ன தப்பு செஞ்சேன் மேடம்? நீங்க சொல்லிக்கொடுத்த முறைப்படிதானே செஞ்சேன்? பெயர் மாத்தணும்னு சொன்னீங்க, மாத்தினேன். சம்மதம் கேக்கணும்னு சொன்னீங்க, கேட்டேன். அநியாயம் செஞ்சது அந்த ஊரு. வெளிய கொண்டுவந்தது நானு. ஊரை விட்டுட்டு என்னைக் கேட்டா எப்படி?"

எஸ்தர் மேசையிலிருந்த செம்மலரின் பிரதியை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்துப் பசை தடவி, அட்டையில் அவள் பெயரின் மேல் ஒட்டினார். அதன்மேல் 'வள்ளி' என்று எழுதினார்.

"கேன்டீன்ல ஒரு மேசையில வச்சுட்டு வந்துடு."

"எதுக்கு மேடம்?"

"வச்சுட்டு வா."

வைத்துவிட்டு வந்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கேன்டீன்காரர் ராமையா புத்தகத்தோடு வந்து நின்றார்.

"ஏம்மா, புஸ்தகத்தை விட்டுட்டு வந்துட்டியே. டீ சிந்தியிருந்தா என்ன ஆகும்?"

"என்னோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் செம்மலர். "அட்டையில என் பேரே இல்லையே."

"பேர் எதுக்கு? பின்னாடி உன் போட்டோ பல்லைக் காட்டிட்டு இருக்கு. உள்ள பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில சண்டை போட்டு வச்சிருக்க. இந்த யுனிவர்சிட்டில புஸ்தகத்தோட சண்டை போடறது உன்னைத் தவிர யாரு?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

செம்மலர் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றாள். பச்சை மைதான் அவளுடைய இடது கை.

"சரி மேடம். புரியுது" என்றாள். "ஆனா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"களக் குறிப்பேட்டை எடுத்துக்கோ. ஆறு மணி பஸ்."

மறுநாள் இருவரும் நெடுவரப்பில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். நாலு மாதம் குடித்த தண்ணீர், தெரிந்த தெரு, தெரிந்த நாய். ஆனால் தெரிந்த முகம் எதுவும் அன்றைக்குச் செம்மலரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. அவளுக்கு வீடு கொடுத்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். நாற்பது ஐம்பது ஆண்கள். ஓரமாகக் குழாயடியில், தனியாக, பூவாத்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது. எல்லார் கண்ணும் அந்த முந்தானையில்தான் இருந்தது.

ஊராட்சித் துணைத்தலைவர் தவசிலிங்கம் கையில் புத்தகம். கோபமாகப் பேசுகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசினார்.

"வாங்கம்மா. நாங்களே கூப்பிட்டு அனுப்பணும்னு இருந்தோம். படிக்கிற பொண்ணுன்னு வீடு கொடுத்தோம், சோறு கொடுத்தோம். நல்லா எழுதியிருக்க. ஒரு இடம் மட்டும் எங்களுக்குப் புரியல."

புத்தகத்தைத் திறந்தார். நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'ஒரு பெண்ணின் இடது கை ஆக்கிய சோற்றை ஓர் ஊரே உண்டது. இந்த நூலின் உயிர் அந்த இடது கையில் இருக்கிறது.'"

செம்மலர் திடுக்கிட்டாள். அது அவள் எழுதியதில்லை. அவளுடைய வரி ஐந்தாம் இயலில், எழுபது பக்கம் தள்ளி, ஓர் அடிக்குறிப்புக்குள் கிடந்தது. இது முதல் பக்கம். அணிந்துரை. திரும்பிப் பார்த்தாள். எஸ்தரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"காலேஜ்ல படிக்கிற எங்க பொண்ணு முதல் பக்கத்தோட நிறுத்திட்டா. அதுக்கு மேல படிக்கத் தேவைப்படல" என்றார் தவசிலிங்கம். "இந்த ஊர்ல இடது கைக்காரங்க எத்தனை பேருன்னு எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினவங்க வாயால வரட்டும். வள்ளி யாரு?"



பொய் சொல்லலாம். எல்லாம் கற்பனை என்று சொல்லலாம். சொன்னால் பூவாத்தாள் பிழைப்பாள். ஆனால் அந்தக் கடைசிக் கரண்டி வழக்கமும் பிழைத்துக்கொள்ளும். செம்மலர் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"சொல்றேங்கய்யா. என் புத்தகத்துல நாப்பத்தோரு பேர் வர்றாங்க. எல்லார் பேரையும் மாத்தியிருக்கேன். எல்லாருக்கும் உண்மைப் பேரு இந்த நோட்டுல இருக்கு. ஒருத்தர் பேரை மட்டும் சொன்னா அது நியாயமில்ல. வரிசையா எல்லாத்தையும் வாசிச்சுடறேன்."

"நான் கேட்டது ஒரு பேருதான்."

"முதல்ல மாரப்பன்னு ஒருத்தர்" என்றாள் செம்மலர். "ஆண்டு விழாப் பந்தியில மூணு தடவை கூட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரு. 'என் வீட்டுக்காரிக்கு இந்தக் கை வராது'ன்னு சொன்னவரு. சமையற்கூடத்துக்குள்ள வந்து, யார் கரண்டி பிடிச்சிருந்தாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம திரும்பிப் போய் மறுபடியும் இலையில உட்கார்ந்தவரு. அவரோட உண்மைப் பேரு..."

"நோட்டை மூடு" என்றார் தவசிலிங்கம்.

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் அடித்தான். கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு பேரில் தான் எத்தனாவது என்று ஒவ்வொருவனும் கணக்குப் போடுவது தெரிந்தது.

தவசிலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பூட்டிய சமையற்கூடத்தின் சாவியை எடுத்துத் தரையில் வைத்தார். யார் கையிலும் கொடுக்கவில்லை.

"பார்த்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று பெண்களும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். பூவாத்தாள் பத்தடி தள்ளியே வந்தாள். சாவி அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

"நாளைக்குத் திறந்துருவேன்" என்றாள். "எத்தனை பிள்ளை வரும்னுதான் தெரியல. 'பார்த்துக்கலாம்'னு சொன்னாரே, அதை நினைச்சாத்தான் ஈரக்குலை நடுங்குது."

பஸ் வந்தது. எஸ்தர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். கண்டக்டர் திட்டிவிட்டு விசில் ஊதினார்.

"ஏறலையா?" என்றாள் பூவாத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பந்தியில உட்காரணும்ல. முதல் இலை எனக்குப் போடு. இன்னிக்கு உன் வீட்டுலதான் படுக்கை."

"என் வீட்டுக் குழாயில தண்ணி வராது."

"வர்ற வரைக்கும் இருக்கேன்."

பூவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செம்மலரைப் பார்த்தாள்.

"உன் பேரை ஏன் மாத்தலன்னு நேத்துக் கேட்டேனே தாயி. அதுக்கு நீ பதில் சொல்லல."

செம்மலர் வாயைத் திறந்தாள். ஆய்வு நெறி, பொறுப்பு, நூலாசிரியர் என்று எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன. எஸ்தர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் சொல்றேன்" என்றார் எஸ்தர். "பயப்படறவங்கதான் பேரை மாத்துவாங்க, பூவாத்தா. பாடு படப்போறது நீதானே, எழுதும்போது எங்க ரெண்டு பேருக்கும் பயமே இல்ல."