இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு இலை

கிட்ட வந்து உட்காருங்க. இது மந்தைக்குளத்துக் கல்யாணப் பந்தி கதை. தள்ளி உட்கார்ந்தால் பாயச வாசனை எட்டாது.

அந்த ஊரில் கூத்தன் என்று ஒருத்தன், முந்தின நாளிலிருந்தே ஒரு வாய் சாப்பிடவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தான். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையை அழைக்கக் கிளம்பும்போது, பந்தி பார்க்கிற பூவலிங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்:

"வரிசையெல்லாம் சமமா இருக்கணும். ஒரு ஆள் மிஞ்சி நின்னாலும் எந்த இலையிலயும் சோறு விழக் கூடாது."

வந்திருந்தது இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தோரு பேர்.

பூவலிங்கம் வரிசைக்குப் பத்துப் பேராக உட்கார வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்த கூத்தன் மட்டும் நின்றான்.

"எல்லாரும் எந்திரிங்க!"

ஒன்பது ஒன்பதாக உட்கார வைத்தார். கூத்தன் நின்றான். எட்டு, ஏழு, ஆறு என்று குறைத்துக்கொண்டே வந்து ரெண்டு ரெண்டு பேராகவும் பார்த்தாகிவிட்டது. அப்போதும் கூத்தன் நின்றான். சாம்பார் ஆடை கட்டிவிட்டது.

"கோளாறு இவன்கிட்டதான்," என்று பூவலிங்கம் கூத்தனை முதல் ஆளாக உட்கார வைத்தார். இப்போது நாதஸ்வரக்காரர் நின்றார்.

"பாத்தீங்களா, அவருக்கும் தொத்திக்கிச்சு!" என்று அலறி, கூத்தனைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

பதினொன்றாகப் போட்டபோது ரெண்டு பேர் நின்றார்கள். "பேச்சுத் துணைக்காவது ஆள் கிடைச்சுது," என்றான் கூத்தன்.

பிறகு பூவலிங்கத்திடம் கேட்டான்: "நான் வேணா வீட்டுக்குப் போயிடட்டுமா மாமா?"

"பந்திக்கு வந்தவனைப் பட்டினியா அனுப்புறதா? மானம் போயிடும்டா. பட்டினியா இங்கயே நில்லு!"

அப்போதுதான் சிங்காரம் தொண்டையைக் கனைத்தார். ஊரிலேயே அறிவாளி அவர்தான், அவரே சொல்லியிருக்கிறார்.

"எல்லாரையும் ஒரே வரிசையா உட்கார வையுங்க. இருக்கிறதே ஒரு வரிசைன்னா அது எதோட சமமில்லாமப் போகும்?"

ஊரே வாயைப் பிளந்தது. வரிசை பந்தலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, பக்கத்து ஊர் மாட்டுச் சந்தைக்குள் போய் முடிந்தது. ஒருத்தரும் மிஞ்சவில்லை. கடைசி இலை கூத்தனுக்கு.

பொழுது சாயும் நேரத்தில் சிங்காரமே சோற்று வாளியோடு அங்கே வந்து சேர்ந்தார். இலையில் சோறு விழுந்தது. கூத்தன் கை சோற்றுக்குப் போனது.

"கையை எடு! கடைசி இலையில சோறு விழுந்தப்புறம்தான் முதல் இலைக்காரர் கை வைக்கணும். அவர் வச்சாத்தான் நாம வைக்கணும். பந்தி மரியாதை தெரியாதா?"

"அதான் விழுந்துடுச்சே அண்ணே!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தக் கோடியில இருக்கிறவருக்கு? வெறும் வாயால சொன்னா நம்புவாரா?"

சிங்காரம் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் குனிந்து, கூத்தனின் இலையைச் சோற்றோடு அலுங்காமல் தூக்கினார். அதைச் சாட்சிக்கு ஏந்திக்கொண்டு, வந்த வழியே முதல் இலையைப் பார்த்து நடந்தார்.