வேம்பன் விட்ட வெள்ளோட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தம் கலாசாலையிலிருந்து நாட்டின் எல்லா வீடுகளுக்கும் கயிற்று வலை கட்ட வேண்டும். அதன் வழியே பாட ஓலைகள் ஓட வேண்டும். கேள்வி எழுதி அனுப்பினால் பதிலும் அப்படியே வர வேண்டும்.

அமைச்சர் பராங்குசர் திட்டம் எழுத உட்கார்ந்தார். ஏழு வருஷம் எழுதினார். ஒரு கயிறுகூட ஏறவில்லை.

கலாசாலை மதிலுக்கு வெளியே செங்கமலம் உப்பு விற்றாள். ஒருநாள், நிலா ஏன் தேய்கிறது என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கும்போது யாரோ சன்னலைச் சாத்திவிட்டார்கள். மீதியைக் கேட்க அவள் தினமும் அங்கேயே கூடையை இறக்கினாள். இதைப் பார்த்திருந்த விகடகவி வேம்பன், ஒரு கயிற்றையாவது கட்டிப் பார்க்கலாமே என்று சபையில் கேட்டான்.

அவன்மேல் பொறாமை கொண்ட பராங்குசர் புன்னகைத்தார். "வேம்பனே கட்டட்டும், மகாராஜா. ஓட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தாலும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

ராஜா சம்மதித்தார். தேருக்கு விடுவதுபோல் இதற்கும் வெள்ளோட்டம் விடலாமா என்று மட்டும் வேம்பன் கேட்டான். அது இல்லாமல் எந்தத் தேர் ஓடியது என்றார் ராஜா.

மறுநாள் சன்னலிலிருந்து மதிலுக்கு ஒரே கயிறு. முதல் ஓலை குளத்தில் விழுந்தது. இரண்டாவதைக் காகம் கொத்திப்போனது. மூன்றாவது போய்ச் சேர்ந்தது. ஆனால் அது சமையல்காரருக்கு எழுதிய கத்தரிக்காய்ப் பட்டியல்.

"மூன்று பிழை. மூட்டையைக் கட்டு, வேம்பா" என்றார் பராங்குசர்.

"சாமி ஏறாத தேர் ஓடினால் அது வெள்ளோட்டம், ஐயா. பிழை கூடாதென்றது ஓட்டத்தில்தானே? அது போகட்டும், குளத்துக்கு மேலே கயிறு தொய்யும் என்று உங்கள் திட்டத்தில் இருக்கிறதா?"

பராங்குசர் சுவடியைப் புரட்டினார். அது இல்லை; காகமும் இல்லை. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். ஆனால் கயிற்றைத் தாங்க வேண்டிய கம்பத்தின் உயரம் சுவடியில் சரியாக இருந்தது. அந்த உயரத்தில் கம்பம் நட்டதும் கயிறு நிமிர்ந்தது.

நான்காவது ஓலையைச் செங்கமலம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நிலா தேய்வதில்லை, வெயில் படும் பக்கம் நமக்குக் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஓலையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ எழுதி அனுப்பினாள்.

வேம்பன் உரக்கப் படித்தான். "உள்ளே ஒரு ஆள் உட்கார இடம் இருக்குதா?"

இடத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று பராங்குசர் ஆரம்பித்தார். ராஜா எழுத்தாணியைக் கேட்டு வாங்கினார். ஓலையில் ஒரே ஓர் எழுத்து எழுதினார்: வா.